பென்சில் முனை

மாசேருவில் ஜூலை என்றால் குளிர்.
எல்லோரும் கம்பளி போர்த்தித்தான் வருகிறார்கள்.
கம்பளியை நெஞ்சில் நிறுத்தும் பெரிய ஊக்குகளை
ஆலை வாசலில் கழற்றி
என் தகரப் பெட்டியில் போடவேண்டும்.
உள்ளே இரும்பென்று ஒன்று நடமாடினால்
அது நான் எண்ணிக் கொடுத்ததாக இருக்கவேண்டும்.

ஊசியறை கெனெவே என்பார்கள் என்னை.
அறையென்றால் ஒரு கம்பிவலை, ஒரு ஜன்னல், ஒரு முக்காலி.
டெனிமுக்குப் பதினெட்டாம் எண், தடித்தது, கூரானது.
மடிப்புகள் கூடும் கவட்டில்
அதுவும் சில நாள் முறிந்துவிடும்.
பனியன் துணிக்குப் பதினொன்று. நுனி உருண்டை.
இழையைக் குத்தாது,
இரண்டு இழைக்கு நடுவே வழி கேட்டுப் போகும்.
தோலுக்கு வெட்டுமுனை.
அது உளி. ஊசி என்பது மரியாதைக்கு.

கையூசிக்குக் காது தலையில்.
எங்கள் ஊசிக்குக் காது நுனியை ஒட்டி.
அதனால் நுனி முறிந்தால்
பாதிக் காதும் சேர்ந்தே போகிறது.
பிறகு கூப்பிட்டால் கேட்காது.

சட்டம் இதுதான்:
முறிந்ததை முழுதாகக் கொண்டு வா,
புதிதை வாங்கிப் போ.
துண்டுகளைப் பதிவேட்டில் பொருத்தி டேப் ஒட்டுவேன்.
தேதி, லைன், எந்திரம், பெயர்.
பதினாறு வருடத்தில் பத்தொன்பது நோட்டு.
நூல் என்று சொன்னால்
எனக்கு இரண்டும் இதற்குள்தான்.

அந்த வியாழன், மணி இரண்டேகால்.
ஏழாம் லைன் மொலியேஹி
மூன்று துண்டில் இரண்டைக் கொண்டுவந்தாள்.
உள்ளங்கையை விரித்தபடி நின்றாள்,
மூன்றாவது தானாக வந்து சேரும் என்பதுபோல.

லைன் நின்றது.
நாற்பத்திரண்டு எந்திரங்களும் வாய்மூட,
கூரைத் தகரத்தைக் காற்று பிடுங்கும் சத்தம் கேட்டது.
அது அங்கே எப்போதும் இருந்திருக்கிறது.
காந்தக் கோலைத் தரையெல்லாம் உருட்டினோம்.
மெக்கானிக் ட்ஸெலிசோ எந்திரத்தின் வயிற்றைத் திறந்தான்:
பஞ்சு, எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு பித்தளைப் பொத்தான்,
போன வருடம் யாரோ அழுது தேடிய தோடு.
அந்த மூன்று மில்லிமீட்டர் மட்டும் இல்லை.

அவள் கட்டில் இருபத்தைந்து கால்சட்டை.
உலோகங்காட்டி மூன்று முறை நுகர்ந்தது, பேசவில்லை.
சரிபார்க்க என் கன்னத்தருகே கொண்டுபோனேன்.
அடைத்த கடைவாய்ப்பல்லுக்குக் கூவியது.

உள்கால் மூட்டுவது சங்கிலித் தையல்.
சரியான முனையைப் பிடித்தால்
கணுக்காலிலிருந்து கவடுவரை ஒரே இழுப்பு.
தவறான முனையை
ஒரு நாள் முழுக்க இழுத்தாலும் அசையாது.
இருபத்தைந்தையும் அவிழ்த்தோம்.
ஐம்பது கால்கள் மேசைமேல் மல்லாந்து கிடந்தன.
உள்ளே நீலத் தூசி.

மணி நான்கு. நின்ற நேரத்துக்குக் கூலி இல்லை.
யாரும் மொலியேஹியைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருக்க
நாற்பத்தொரு பேரும் அவ்வளவு பாடுபட்டார்கள்.

ஜன்னல் பலகையை இறக்கினேன்.
இரண்டு துண்டையும் ஒட்டினேன்.
பென்சிலைச் சீவி
மூன்றாவதை வரைந்தேன்.
பாதிக் காது, பக்கப் பள்ளம், கூர்.
கரிக்கும் சாய்வெளிச்சத்தில் எஃகின் மினுக்கம் உண்டு.
மேலே டேப்.
பலகையை ஏற்றி, "கிடைத்தது" என்றேன்.

ட்ஸெலிசோ என்னைப் பார்த்தான்.
பிறகு எண்ணெய்க் குப்பியைப் பார்த்தான்.
புது ஊசி ஏறியது. காற்று மறுபடி கேட்காமல் போனது.

கால்சட்டைகளைத் திரும்பத் தைத்து
அக்டோபர் கப்பலுக்கு அனுப்பினார்கள்.
எங்கோ ஓர் ஊரில் யாரோ உட்காரும்போதெல்லாம்
எனக்கு விழிப்பு வருகிறது.

நவம்பரில் ஆடிட்டர் வந்தார்.
ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் தடவிப் படிக்கிறவர்.
ஏழாம் லைன், வியாழன், இரண்டேகால்.
என் நுனிமேல் விரல் வந்து நின்றது.
சட்டென்று கையை உதறி
விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் முக்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஒழுங்காக இருக்கிறது" என்று எழுதி
இடது கையால் பக்கத்தைத் திருப்பினார்.